யார்க்ஷயர் சீனியர் காம்படிஷன் (1892–1895): அமெச்சூர் ரக்பிப் போட்டித் தொடர் ஒன்று மூன்றே பருவங்களில் முடிந்தது ஏன்?

கேள்வி

இங்கிலாந்தின் வட பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ரக்பிப் போட்டிகளின் வாகையர் பட்டியலை ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். யார்க்ஷயர் சீனியர் காம்படிஷன் என்ற லீக்கில் எனக்கு ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அந்தப் போட்டி 1892இல் தொடங்கியதையும், 1892–93இல் பிராட்ஃபோர்ட், 1893–94இல் மானிங்ஹாம், 1894–95இல் லிவர்செட்ஜ் ஆகிய கழகங்கள் வாகை சூடியதையும் குறித்துக்கொண்டேன். 1895–96க்கு அந்தப் பெயரில் தனியான வாகையர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1896–97இல் அதே பெயரோடு பிரிக்ஹவுஸ் ரேஞ்சர்ஸ் கழகம் வாகையராகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓராண்டு நின்றுபோய் மீண்டும் தொடங்கிய ஒரே லீக்காக இதைக் கொள்வதா, ஒரே பெயர் தாங்கிய இரு வேறு லீக்குகளாகக் கொள்வதா என்று எனக்குத் தெளிவாகவில்லை.

இதையொட்டி இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, வீரர்களுக்குப் பணம் கொடுத்ததால்தான் இந்த லீக் கலைந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. லீக் நடந்த மூன்று பருவங்களும் முழுமையான அமெச்சூர் (ஊதியமற்ற ஆட்டம்) விதிகளின் கீழ் நடந்தவை என்றும் சொல்லப்படுகிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? இரண்டாவது, ரக்பி பின்னாளில் ரக்பி யூனியன், ரக்பி லீக் என்ற இரு தனி ஆட்டங்களாகப் பிரிந்தது; பட்டியலில் இதை ரக்பி யூனியன் தலைப்பின் கீழ் வைப்பதா, ரக்பி லீக் தலைப்பின் கீழ் வைப்பதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால், லீக் ஏன் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் அது ஏன் மறைந்தது என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

1892க்கு முன் யார்க்ஷயர் கழகங்கள் இரண்டு வகை ஆட்டங்களை ஆடின. கழகச் செயலாளர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொண்ட நட்பு ஆட்டங்கள் ஒரு வகை. 1877இல் தொடங்கிய யார்க்ஷயர் சவால் கோப்பை மற்றொரு வகை. அந்தக் கோப்பையை முதலில் வென்றது ஹாலிஃபாக்ஸ். அதன் மீது அப்பகுதி மக்களுக்கு எத்தனை உரிமை இருந்தது என்பதை அவர்கள் அதற்குச் சூட்டிய ‘பழைய தகரக் குடம்’ என்ற செல்லப் பெயரே காட்டும். ஆயினும் வெளியேற்று முறையில் நடக்கும் கோப்பைக்கு ஒரு குறை உண்டு: முதல் சுற்றில் தோற்ற கழகத்துக்கு அந்த ஆண்டில் அதன்பின் மக்கள் திரண்டு வந்து பார்க்கும் ஆட்டம் ஏதும் இராது. நட்பு ஆட்டங்களுக்கோ கூட்டம் சீராக வருவதில்லை. 1888இல் கால்பந்துக் கழகங்கள் தங்களுக்கென லீக் ஒன்றை அமைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் பொருளுள்ள ஆட்டம் நடக்கும்படி செய்துகொண்டதை ரக்பிக் கழகங்கள் கண்ணெதிரே பார்த்தன. அதே வழியை யார்க்ஷயரின் முன்னணிக் கழகங்கள் 1892இல் பின்பற்றின. லங்காஷயரிலும் அதே ஆண்டு கழக வாகையர் போட்டி ஒன்று தோன்றியது. அதன் முதல் வாகையர் ஓல்டம்.

இந்த லீக், இங்கிலாந்தில் ரக்பியை ஆண்ட ரக்பி கால்பந்துச் சங்கத்துக்கு எதிரான கலகமாகத் தொடங்கியதன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடந்தது. 1886இல் இயற்றப்பட்ட அமெச்சூர் விதிகள் அதில் ஆடிய ஒவ்வொரு வீரரையும் கட்டுப்படுத்தின. வீரருக்குப் பயணச் செலவைத் தரலாம். ஆடியதற்காகவோ, பயிற்சிக்காகவோ, ஆடுவதால் இழந்த வேலைநேரத்துக்காகவோ எதுவும் தரக்கூடாது. ஆகவே அமைப்பு, விதி ஆகியவற்றைக் கொண்டு பார்த்தால் 1892 முதல் 1895 வரையிலான யார்க்ஷயர் சீனியர் காம்படிஷன் ஓர் அமெச்சூர் ரக்பி யூனியன் லீக்தான். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

விதி அப்படியிருந்தும் பணம் எப்படி உள்ளே வந்தது என்பதற்கு ஆடியவர்களின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். தென் பகுதியின் கழகங்களில் பெரும்பாலும் தனியார் பள்ளிகளிலும் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் ஆடினார்கள். யார்க்ஷயரில் சுரங்கத் தொழிலாளிகளும் நெசவாலைத் தொழிலாளிகளும் ஆடினார்கள். சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை என்பது ஆலைச் சட்டங்களால் கிடைத்த பேறு. அதுவே அவர்களை ஆடுகளத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ஆலைச் சங்கு ஊதுமுன்பே புகைவண்டியில் ஏற வேண்டும். அரைநாள் கூலி போய்விடும். வார நடுவில் வரும் கவுண்டி (மாவட்ட அணி) ஆட்டங்களுக்கு முழுநாள் கூலியே போய்விடும். நட்பு ஆட்டம் என்றால் ‘இந்த வாரம் வர இயலாது’ என்று ஒருவர் விலகிக்கொள்ளலாம். லீக் வந்தபின் ஒவ்வொரு ஆட்டமும் புள்ளிப்பட்டியலில் ஏறியது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. தன் சிறந்த வீரர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கும்போது பட்டியலில் கீழே இறங்குவதை எந்தக் கழகம் விரும்பும்? லீக் என்ற அமைப்பே வீரரின் நேரத்துக்கு ஒரு விலையை உண்டாக்கிவிட்டது என்பதே என் கருத்து.

1893 செப்டம்பர் 20 அன்று லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் விடுதியில் நடந்த சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் யார்க்ஷயர் பிரதிநிதி ஜேம்ஸ் மில்லர், வீரர்கள் உண்மையில் இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்ய அனுமதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். டியூஸ்பரியைச் சேர்ந்த மார்க் நியூசம் அதை வழிமொழிந்தார். சங்கத் தலைவர் வில்லியம் கெய்ல் அதற்கு எதிரான திருத்தத்தைக் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் 282க்கு 136 என்ற கணக்கில் வடக்கின் கோரிக்கை தோற்றது. நேரில் வராதவர்களின் பதிலி வாக்குகள் தெற்கிலிருந்து பெருமளவில் திரட்டப்பட்டிருந்தன. பல்கலைக்கழகக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனிக் கழகமாக எண்ணப்பட்டன. வடக்கிலிருந்து தனிப் புகைவண்டிகளில் வந்தவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டுத் திரும்பிய மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். அன்று கேட்கப்பட்டது சம்பளம் அன்று என்பதையும், இழந்த கூலி மட்டுமே என்பதையும் இன்று பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் கூறப்பட்டவை அனைத்தும் சரி. ஆயினும் கூலிப் பிரச்சினை ஒன்றையே காரணமாகக் காட்டினால் படம் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன். நான் இரண்டு கருத்துகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, போட்டி முறை கழகங்களை ஒன்றை மற்றொன்று வேவு பார்க்கும் நிலைக்குத் தள்ளியது. இது லீக்குக்கு முன்பே, கோப்பைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1888இல் பிரித்தானிய அணி ஒன்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, ஹாலிஃபாக்ஸ் வீரரான கிளவ்ஸ் பயண உடைகளுக்காக ஏற்பாட்டாளர்களிடமிருந்து 15 பவுண்டு பெற்றிருந்தார். யார்க்ஷயர் கோப்பை ஆட்டத்தில் ஹாலிஃபாக்ஸிடம் தோற்ற டியூஸ்பரி, அவர் தொழில்முறை வீரர் என்று முறையிட்டது. சங்கம் அவரைத் தொழில்முறை வீரராக அறிவித்தது. அந்த இளைஞர் கடல் கடந்து போய், அந்த நெடும் பயணத்தில் ஓர் ஆட்டத்திலும் இறங்காமலே திரும்பி வந்தார். பதினைந்து பவுண்டு உடைப் பணத்துக்கு இது எத்தனை பெரிய தண்டனை! தூய்மையைக் காக்க வேண்டும் என்ற விருப்பத்தால் அந்த முறையீடு எழவில்லை. தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விருப்பத்தால் எழுந்தது. லீக் வந்தபின் இப்படிப்பட்ட தூண்டுதல் கோப்பை ஆட்டத்தோடு நில்லாமல் பருவம் முழுவதும் நீடித்தது. எதிரணியின் புள்ளியைக் களத்தில் பறிக்க இயலாதபோது குழுவறையில் பறிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது.

1893இல் ஹடர்ஸ்ஃபீல்ட் கழகத்துக்கு நேர்ந்ததும் இதே வகை. கார்லைலுக்கு அருகிலிருந்த கம்மர்ஸ்டேல் ஹார்னெட்ஸ் கழகத்திலிருந்து போக், ஃபோர்சைத் என்ற இரு வீரர்கள் திடீரென்று ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தனர். பணம் காட்டி இழுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, அந்த ஆண்டு முடியும்வரை ஹடர்ஸ்ஃபீல்ட் இடைநீக்கம் செய்யப்பட்டது. லீக் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கழகத்தைப் பாதிப் பருவத்துக்கு நிறுத்தினால், அது ஒரு கழகத்தின் தண்டனையாக மட்டும் இராது; அதோடு ஆட வேண்டிய ஒவ்வொரு கழகமும் தன் ஆட்டத்தையும் நுழைவுக் கட்டண வசூலையும் இழக்கும், புள்ளிப்பட்டியலும் குலையும். லங்காஷயரில் 1894–95 பருவத்தில் லீ, சால்ஃபோர்ட், விகன் ஆகிய கழகங்கள் இடைநீக்கத்துக்கு ஆளானபோது இந்தச் சிக்கல் முற்றியது. தரமிறக்கம் (கடைசியில் வரும் கழகம் கீழ்ப் போட்டிக்கு இறக்கப்படுவது) உள்ள பட்டியலில் இடைநீக்கம் என்பது இரட்டைத் தண்டனை. விதியை மீறாத கழகங்கள்கூட, அடுத்த முறை தங்கள் மீது குற்றச்சாட்டு வந்தால் என்ன செய்வது என்று அஞ்சத் தொடங்கின.

இரண்டாவது கருத்து, லீக்கை ஆள்பவர் யார் என்பது. இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் யார்க்ஷயரைப் பொறுத்தவரை 1895 கோடையில் உறவு முறிந்தது இந்த இடத்தில்தான். சீனியர் காம்படிஷன் வெற்றி பெற்றவுடன் அதற்குக் கீழே அடுத்த படிநிலைப் போட்டிகளும் உருவாயின. கீழ்ப் போட்டியில் முதலிடம் பெற்ற கழகம் மேலே வர வேண்டும் என்று சிறு கழகங்கள் எதிர்பார்த்தன. கவுண்டிக் குழுவில் அவற்றின் குரலும் வலுவாக இருந்தது. மூத்த கழகங்களோ, தங்கள் வட்டத்துக்குள் யார் நுழையலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்ய விரும்பின. ஆடுகளங்களுக்கும் பார்வையாளர் மேடைகளுக்கும் பெரும் பணம் செலவிட்டிருந்த அவற்றுக்கு, ஒரு மோசமான பருவத்தால் கீழே போவது என்பது கடனில் மூழ்குவதற்குச் சமம். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நியாயம் சிறு கழகங்களின் பக்கம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். தென் பகுதி தங்களுக்குக் கதவைச் சாத்தியது என்று குமுறிய அதே கழகங்கள், தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கதவைச் சாத்தின.

இந்தப் பூசலின் முடிவில் மூத்த கழகங்கள் கவுண்டிச் சங்கத்திலிருந்து விலகின. அவை லங்காஷயரின் பெரிய கழகங்களோடு கைகோத்ததன் விளைவே 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் விடுதியில் நடந்த கூட்டம். பின்னாளில் ரக்பி லீக்காக மாறிய வடக்கு ரக்பி கால்பந்துச் சங்கம் அங்கே உருவானது. யார்க்ஷயர் சீனியர் காம்படிஷனில் இருந்த பன்னிரண்டு கழகங்களில் பதினொன்று அதில் சேர்ந்தன: பேட்லி, பிராட்ஃபோர்ட், பிரிக்ஹவுஸ் ரேஞ்சர்ஸ், ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், ஹல், ஹன்ஸ்லெட், லீட்ஸ், லிவர்செட்ஜ், மானிங்ஹாம், வேக்ஃபீல்ட் டிரினிட்டி. பன்னிரண்டாவதான டியூஸ்பரி கடைசி நேரத்தில் பின்வாங்கியது. மேற்கிலிருந்து ஸ்டாக்போர்ட் கழகம் தொலைபேசி வழியே தன் ஒப்புதலைத் தெரிவித்தது. முதல் பருவத்தில் ஆடிய கழகங்கள் மொத்தம் இருபத்திரண்டு. ஆக, உங்கள் லீக் தடை செய்யப்பட்டு அழியவில்லை. ஒரு கழகம் தவிர மற்ற அனைத்தும் அதைவிட்டு ஒன்றாக வெளியேறியதால் ரக்பி யூனியனுக்குள் அது காலியாகிப் போனது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தரமேற்றம் (கீழ்ப் போட்டியில் முதலிடம் பெற்ற கழகம் மேலே வருவது) தொடர்பான பூசலை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. 1895–96 பருவத்தில் ஏன் தனிப் பட்டியல் இல்லை என்பது இப்போது ஓரளவு புரிகிறது. ஆனால் 1896–97இல் அதே பெயர் மீண்டும் தோன்றியது எப்படி என்பதையும், பிரிந்த உடனே அக்கழகங்கள் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினவா என்பதையும் யாரேனும் விளக்க இயலுமா? அமெச்சூர், தொழில்முறை என்ற எல்லைக்கோட்டை 1895இல் போடுவது சரியா என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

மறுமொழி 3

பெயர் மீண்டும் வந்ததற்கான காரணம் தூரம். 1895 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய வடக்குச் சங்கத்தின் முதல் பருவத்தில் இருபத்திரண்டு கழகங்களும் ஒரே பட்டியலில் இருந்தன; ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொன்றையும் உள்ளூரிலும் வெளியூரிலும் சந்தித்தது. அதாவது கழகத்துக்கு 42 லீக் ஆட்டங்கள். மானிங்ஹாம் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் ஹாலிஃபாக்ஸை முந்தி வாகை சூடியது. கிழக்குக் கரையில் உள்ள ஹல் முதல் மேற்கே உள்ள விட்னெஸ் வரை, இழந்த கூலியை வேறு ஈடுசெய்துகொண்டு, பதினைந்து வீரர்களை ஏற்றிச் செல்வது எத்தனை செலவு என்பது அந்த ஒரு பருவத்திலேயே தெரிந்துவிட்டது. எனவே 1896–97 முதல் லீக் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கிழக்குப் பாதிக்கு யார்க்ஷயர் சீனியர் காம்படிஷன் என்ற பழகிய பெயரும், மேற்குப் பாதிக்கு லங்காஷயர் சீனியர் காம்படிஷன் என்ற பெயரும் வைக்கப்பட்டன. யார்க்ஷயர் பாதியில் 1896–97இல் பிரிக்ஹவுஸ் ரேஞ்சர்ஸ், 1897–98இல் ஹன்ஸ்லெட், 1898–99இல் பேட்லி, 1899–1900இலும் 1900–01இலும் பிராட்ஃபோர்ட் வாகை சூடின. 1901இல் முன்னணிக் கழகங்கள் பதினான்கு இரு கவுண்டிகளையும் தாண்டி ஒரே லீக்காக இணைந்தபின், கவுண்டிப் பட்டியல்கள் தங்கள் முதன்மையை இழந்தன.

பெயர் ஒன்று, கழகங்களும் பெரும்பாலும் ஒன்று. ஆனால் ஆளும் சங்கம் வேறு, விதி வேறு, போகப்போக ஆட்டமே வேறு. 1897இல் வடக்குச் சங்கம் லைன் அவுட்டை (பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் வரிசையாக நிற்கும் வீரர்களுக்கிடையே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் முறை) நீக்கியது. 1906இல் அணிக்கு 15 வீரர் என்பதை 13 ஆகக் குறைத்தது. ஆகவே இரு லீக்குகள் என்றே குறியுங்கள்.

சம்பளக் கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை தடுமாறுகிறது. 1895இல் வடக்குச் சங்கம் தொழில்முறையை அனுமதிக்கவில்லை! அது அனுமதித்தது, வேலையை இழந்த நாள் ஒன்றுக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங் மட்டுமே. அதற்கு மேல் கொடுப்பது அங்கும் குற்றம். 1893இல் லண்டனில் எது மறுக்கப்பட்டதோ, அதை மட்டும் எழுதிவைத்துக்கொண்டுதான் அவர்கள் தொடங்கினார்கள். 1898இல்தான் தொழில்முறை ஏற்கப்பட்டது. அப்போதும் ஒவ்வொரு வீரரும் ஆட்டத்துக்கு வெளியே முறையான ஒரு வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது; வேலையை விட்டவர் ஆட இயலாது. அந்த நிபந்தனை 1905இல்தான் கைவிடப்பட்டது. எனவே எல்லைக்கோட்டை 1895இல் போட்டால், நீங்கள் பிரிப்பது இரு சங்கங்களை. அமெச்சூரையும் தொழில்முறையையும் பிரிக்க வேண்டுமென்றால் கோடு 1898இல் விழ வேண்டும்.

மறுபுறம், ரக்பி கால்பந்துச் சங்கம் இந்த நுட்பத்தையெல்லாம் ஏற்கவில்லை. 1895 செப்டம்பரிலேயே, வடக்குச் சங்கக் கழகத்தோடு எவ்வகையிலும் ஆடியவர் தொழில்முறை வீரரே என்று அது கொண்டுவிட்டது. காசு வாங்கினாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. 1894இல் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கிய டிக்கி லாக்வுட் 1895இல் வேக்ஃபீல்ட் டிரினிட்டிக்குப் போனார். அதோடு அவருடைய ரக்பி யூனியன் வாழ்வு முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. நாட்டுக்காக 14 முறை ஆடிய ஒருவர், அடுத்த பருவத்தில் தீண்டத்தகாதவராக்கப்பட்டார்.

வழிமொழிந்த மார்க் நியூசமைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இழந்த கூலிக்காக 1893இல் எழுந்து பேசிய அவர், 1895இல் பிரிந்து போகவில்லை. ரக்பி கால்பந்துச் சங்கத்திலேயே தங்கி, பின்னாளில் அதன் தலைவராகவும் ஆனார். கூலி ஈடு வேண்டும் என்றவர்கள் எல்லாரும் பிரிவினை வேண்டும் என்றவர்கள் அல்லர் என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

மறுமொழி 4

வெளியேறியவர்களின் கதை விரிவாக வந்துவிட்டது. அவர்கள் விட்டுச் சென்ற இடம் என்னவாயிற்று என்பதையும் பதிவு செய்யத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் மோதும் கவுண்டி வாகையர் போட்டியின் முதல் எட்டுப் பருவங்களில், 1889 முதல் 1896 வரை, ஏழு முறை வென்றது யார்க்ஷயர். 1891இல் மட்டும் லங்காஷயர். 1896க்குப் பின் யார்க்ஷயர் அந்தப் பட்டத்தை மீண்டும் வெல்ல 1926 ஆயிற்று. 1892இல் வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து அணிகளோடு நடந்த போட்டியில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் மூன்று ஆட்டங்களையும் வென்ற இங்கிலாந்து அணியில் வட பகுதி வீரர்கள் நிறைந்திருந்தார்கள். அதன்பின் அந்தப் போட்டியில் இங்கிலாந்து தனித்து வாகை சூடியது 1910இல்தான். ரக்பி கால்பந்துச் சங்கத்தில் 1893இல் 481ஆக இருந்த கழகங்களின் எண்ணிக்கை 1903இல் 244ஆகச் சுருங்கியது. முதலில் போனவை இருபத்திரண்டு கழகங்கள் மட்டுமே என்பதை நினைவில் கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். பெரிய கழகம் போனபின் அதோடு ஆடி, அதன் கூட்டத்தால் வசூல் பெற்று வந்த சிறு கழகமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்தது. தரமேற்றத்துக்காகப் போராடிய சிறு கழகங்களுக்குக் கடைசியில் மேலேறிச் செல்ல ஒரு லீக்கே எஞ்சவில்லை.

இன்னொரு நீண்ட விளைவும் உண்டு. லீக் என்ற சொல்லே ரக்பி யூனியனில் ஐயத்துக்குரியதாகிவிட்டது. புள்ளிப்பட்டியல் வந்தால் பின்னாலேயே பணமும் வரும் என்ற பாடத்தை 1892–95 அனுபவத்திலிருந்து சங்கம் எடுத்துக்கொண்டு, அதை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பற்றிக்கொண்டது. ஒருவகையில் மறுமொழி 1இல் கூறப்பட்ட கருத்தும் அதுதான்; ஆனால் அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு இரண்டு முடிவுகளுக்கு வரலாம். கூலியை ஈடுசெய்யலாம், அல்லது லீக்கையே ஒழிக்கலாம். சங்கம் இரண்டாவதைத் தேர்ந்தது. நாடு தழுவிய வெளியேற்றுக் கோப்பைகூட 1971–72இல்தான் வந்தது. முறையான லீக் படிநிலை 1987–88இல் கரேஜ் நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கியது. அதன் முதல் வாகையர் லெஸ்டர். லீக் வந்து எட்டு ஆண்டுகளில், 1995 ஆகஸ்ட் இறுதியில், ரக்பி யூனியன் தொழில்முறையை ஏற்றது. ஜார்ஜ் விடுதிக் கூட்டத்தின் நூறாவது ஆண்டு நிறைவுக்கு அப்போது சில நாள்களே இருந்தன. பழைய அதிகாரிகளின் அச்சம் அடிப்படையற்றதன்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அச்சத்துக்கு அவர்கள் கொடுத்த விலை வட பகுதி முழுவதும்.

உங்கள் பட்டியலில் உள்ள முதல் மூன்று வாகையரைப் பற்றி ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள். மானிங்ஹாம் 1903இல் ரக்பியைக் கைவிட்டுக் கால்பந்துக்கு மாறி, பிராட்ஃபோர்ட் சிட்டி ஆயிற்று. பிராட்ஃபோர்ட் கழகமும் 1907இல் கால்பந்துக்கு மாறியது. ரக்பியை விட மனமில்லாத உறுப்பினர்கள் பிரிந்து பிராட்ஃபோர்ட் நார்தர்ன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். லிவர்செட்ஜ் 1902இல் வடக்குச் சங்கத்தைவிட்டு விலகியது. லீக் மட்டும் மறையவில்லை. அதை வென்ற மூன்று கழகங்களில் ஒன்றுகூட அந்த ஆட்டத்தில் அப்படியே நிலைக்கவில்லை. கால்பந்து மைதானத்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி ஆடுவதைக் காண வருவோரில் எத்தனை பேருக்கு அந்தக் கழகம் ஒருகாலத்தில் யார்க்ஷயரின் ரக்பி வாகையர் என்பது தெரிந்திருக்கும்?

கேள்வி கேட்டவர்

நால்வருக்கும் நன்றி. பட்டியலை இப்படித் திருத்தியிருக்கிறேன். 1892–93 முதல் 1894–95 வரையிலான மூன்று பருவங்கள் ரக்பி யூனியன் தலைப்பின் கீழ், ‘யார்க்ஷயர் சீனியர் காம்படிஷன், கவுண்டிச் சங்கத்தின் கீழ் நடந்தது’ என்று வரும். 1895–96க்கு வடக்குச் சங்கத்தின் பொதுப் பட்டியலும், 1896–97 முதல் 1900–01 வரை ‘யார்க்ஷயர் சீனியர் காம்படிஷன், வடக்குச் சங்கத்தின் கீழ் நடந்தது’ என்பதும் ரக்பி லீக் தலைப்பின் கீழ் வரும். 1898இல் தொழில்முறை ஏற்கப்பட்டதை இரண்டாம் பட்டியலின் நடுவில் தனிக் குறிப்பாக இடுகிறேன். முதல் மூன்று வாகையரின் பெயருக்கு எதிரே, பிற்காலத்தில் அவை என்னவாயின என்பதையும் எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு கழகத்தை மட்டும் எங்கே வைப்பது என்று தயங்கினேன். ஜார்ஜ் விடுதியில் பின்வாங்கிய டியூஸ்பரி, 1898இல் தானும் வடக்குச் சங்கத்தில் சேர்ந்துவிட்டது. எனவே அதன் பெயர் இரண்டு பட்டியலிலும், நடுவில் மூன்றாண்டு இடைவெளியோடு வருகிறது.